ஜெரோமோட மெஷினும் அமுதா வச்ச பொட்டும்

மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு பேய் பிசாசு ஆவி இதுல எல்லாம் துளிகூட நம்பிக்கை கிடையாது. இப்பவும் கிடையாதுன்னுதான் வெளிய சொல்லிக்கினு இருக்கேன். நீங்க கேட்டதால சொல்றேன், கேட்டுட்டு சிரிச்சா சிரிங்க, ஆனா நடுவுல சிரிக்காதீங்க, எனக்கு கோர்வை போயிடும்.

நான் வேலை செய்யறது எண்ணூர் ரோட்டுல ஒரு கண்டெய்னர் யார்டுல. ரீஃபர் டெக்னீசியன். ரீஃபர்னா குளிர்பெட்டி வச்ச கண்டெய்னர், உள்ள எறா, மீனு, மருந்துன்னு எது வேணா இருக்கும், ராத்திரி பகல் கரண்ட்ல ஓடிக்கினே இருக்கணும், நின்னா சரக்கு காலி. அது நிக்காம பாத்துக்கறது என் வேலை. இத எதுக்கு சொல்றேன்னா, சத்தம் எனக்கு தொழில். மெஷின் பக்கத்துல போகாமலே, வர்ற சத்தத்த வச்சு இதுல கம்ப்ரஸர் போகப் போகுது, அதுல ஃபேன் பேரிங் தேஞ்சிருக்குன்னு சொல்லுவேன். யார்டுல பேய்க்கதைக்கு பஞ்சமே கிடையாது. காலி கண்டெய்னருக்குள்ள இருந்து யாரோ தட்டறாங்கன்னு ஒரு வாட்டி செக்யூரிட்டி ரெண்டு பேர் வேலையே வேணாம்னு கெளம்பிட்டாங்க. நான்தான் கூட்டிட்டுப் போயி காட்டினேன், பகல்ல வெயில்ல காஞ்ச இரும்பு சாயங்காலம் கடக்காத்து பட்டா சுருங்கும், சுருங்கும்போது டொக்கு டொக்குனு தட்டும், அவ்ளோதான். இப்படி எந்த சத்தம் வந்தாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க. எல்லா சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்னு சொல்ற ஆளு நான். அந்த ஆளுக்குத்தான் இது நடந்துச்சு.

ஜெரோம் அதே யார்டுல டாக்குமெண்ட் செக்‌ஷன். ராயபுரத்து ஆளு, ஞாயித்துக்கெழமை மாதா கோயில்ல ஆர்கன் வாசிப்பான். ஒரு நாளு பேப்பர்ல கையெழுத்து வாங்க ரீஃபர் லைனுக்கு வந்தவன் அப்படியே நின்னுட்டான். "மாமு, இதெல்லாம் சேந்து ஒரே சுதில நிக்குது பாத்தியா"ன்னான். வருசக்கணக்கா நான் அந்த லைன்ல நிக்கறேன், என்கிட்ட யாரும் அப்படி சொன்னதே இல்ல. அன்னிக்கு தோஸ்து ஆனோம்.

அவனுக்கு ஒரு பைத்தியம். வானவெளி மியூசிக். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, பழைய காலத்து அனலாக் சிந்தசைசர வச்சு ஓங்குனு ஒரு சத்தம் எழுப்பி அத அப்படியே ரொம்ப நேரம் மெதுவா மாத்திக்கினே போறது. கண்ண மூடினா சனி கிரகத்த தாண்டி போற மாதிரி இருக்கும்னுவான். எனக்கு மொதல்ல யார்டுல கேக்கற அதே கம்ப்ரஸர் சத்தந்தான் கேட்டுச்சு, இதுக்கு எதுக்குடா தனியா ஒரு மெஷினுன்னு கலாய்ச்சேன். அப்பால பழகிடுச்சு. பழகினப்புறம் அது இல்லாம ஞாயித்துக்கெழமை ஓட மாட்டேன்னுச்சு.

அந்த மெஷின அவன் யானைக்கவுனி பக்கம் பழைய சாமான் கடையில கண்டுபிடிச்சான். ஜப்பான் மெஷினு, ரெண்டு பக்கமும் மரப்பலகை, கீழ ஆர்மோனியம் மாதிரி கட்டை, முன்னாடி பூரா வரிசை வரிசையா திருப்பற நாப். ராயபுரத்துல அவன் வூட்ல படுக்கவே எடம் பத்தாது, அதனால எங்க வூட்டு மாடி ரூம்ல கொண்டாந்து வச்சான், நாங்க காலடிப்பேட்டைல. நான் ரிப்பேர் பாத்தேன், அவன் வாசிச்சான். அது கம்ப்யூட்டர் மாதிரி இல்ல, இத புரிஞ்சிக்கணும் நீங்க, ஏன்னா மத்ததெல்லாம் இதுலதான் நிக்குது. அந்த மெஷினுக்கு ஞாபகம் கிடையாது. ஒரு சத்தத்த கண்டுபிடிச்சா சேவ் பண்ண முடியாது. நாப் எந்தெந்த எடத்துல நிக்குதோ அதான் சத்தம். ஒண்ண கொஞ்சம் தொட்டா போச்சு, திரும்ப அதே சத்தம் வர்றது அவன் அவன் அதிர்ஷ்டம். மத்தவங்க நாப்புல இருக்கற வெள்ளைக் கோட்ட பாத்து எழுதி வச்சுப்பாங்களாம். எங்க மெஷின்ல அந்தக் கோடு எப்பவோ தேஞ்சு போச்சு. எல்லாம் கறுப்பு, மொழுக்குன்னு சட்டை பட்டன் மாதிரி இருக்கும்.

கடைசியா ஒரே ஒரு சத்தத்த மாசக்கணக்கா செஞ்சிக்கினு இருந்தான். இன்னாடா இதுன்னு கேட்டேன். "மாமு, வானவெளில காத்தே கிடையாது, சத்தமும் கிடையாது. அங்க தனியா போற ஆளுக்கு இன்னா கேக்கும் சொல்லு? ஹெல்மெட்டுக்குள்ள அவன் மூச்சு மட்டுந்தான் கேக்கும்"னான். அந்த மூச்சத்தான் செய்யறானாம். அதுக்கு அவன் அளவு எடுத்தது அவன் பொண்டாட்டி ஸ்டெல்லா தூங்கும்போது விடற மூச்சு. ஸ்டெல்லாவுக்கு சின்ன வயசுல இருந்து வீஸிங், ராத்திரில எழுந்து ஒழுங்கா மூச்சு விடறாளான்னு பாக்கறது அவனுக்கு பழக்கம். பாத்துப் பாத்து மனப்பாடம் ஆயிடுச்சாம்.

சத்தம் அருமையா வந்துச்சு, சும்மா சொல்லக்கூடாது. அடியில கனமா ஒண்ணு ஏறும், ஏறி நிக்கும், அப்பறம் இறங்கும், மேல மெல்லிசா மணல் கொட்ற மாதிரி ஒண்ணு. ஆனா வேகம் மட்டும் சரியா வரல. ஏறி இறங்கற வேகத்துக்கு தனியா ஒரு நாப், வலது பக்கம் திருப்பினா வேகம், இடது பக்கம் மெதுவா, இடது கடைசிக்கு போனா நின்னே போயிடும்னு ஜெரோம் சொல்லுவான். அவனுக்கு வேண்டிய வேகம் வர்ற எடத்துல அந்த நாப்புக்கு உள்ள கரண்ட்ட கூட்டிக் கொறைக்கற கார்பன் பட்டை சுத்தமா தேஞ்சு கெடந்துச்சு, நானே கழட்டிப் பாத்தேன். மயிரிழை இந்தப் பக்கம் வேகமா இருக்கும், மயிரிழை அந்தப் பக்கம் வச்சா மொத்தமா நின்னுடும். நடுவுல ஒண்ணுமே இல்ல. அந்த அளவுல புது பார்ட்டும் கெடைக்கல. ஒரு ஞாயித்துக்கெழமை ஸ்டெல்லா வந்து கேட்டுட்டு சிரிச்சிடுச்சு. "இன்னாது, நான் தூங்கறனா, பஸ்ஸு பின்னாடி ஓடி வந்தவ மாதிரி கீது"ன்னு. ஜெரோமும் சிரிச்சான். சரி பண்ணிட்டுத்தான் ரெக்கார்டு பண்ணுவேன், அதுவரைக்கும் பண்ண மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னான். அந்த சத்தம் எங்கயும் பதிவாகல, போன்ல கூட இல்ல.

அப்பால மெஷின்ல பவர் சப்ளை புகைஞ்சு போச்சு. அந்த வாரமே ஜெரோம் போயிட்டான். யார்டு கேட்டுக்கு எதிர டீக்கடை, கையில கிளாஸு, மாரடைப்பு. நான் ரீஃபர் லைன்ல இருந்து ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதப்பத்தி இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

மாதா கோயில்ல அவனோட முப்பதாம் நாள் பூசைக்கு போயிருந்தேன். ஸ்டெல்லா என்ன தனியா கூப்ட்டு ஒண்ணு கேட்டுச்சு. "ண்ணா, மெஷின்ல அவரு வச்ச மாதிரியே எல்லாம் கீதா?" கீதும்மா, நான் ஒண்ணியும் தொடலன்னேன். "கல்லறைத் திருநாளுக்கு அவரு பக்கத்துல ஒரே ஒரு வாட்டி அத போட்டுக் கேக்கணும்ணா. பஸ்ஸு பின்னாடி ஓடி வந்தவ மாதிரி இருந்தாலும் பரவால்ல. என் மூச்சு எப்படி இருந்துச்சுன்னு அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும்." இத கேக்கும்போது அது அழல. நான்தான் வேற பக்கம் பாத்துக்கினேன். கண்டிப்பா கொண்டாறேன்னு வாக்கு குடுத்தேன். அதத் தவிர வேற எதுவும் ஸ்டெல்லா என்கிட்ட கேட்டதில்ல, இன்னி வரைக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல கெப்பாசிட்டர் வாங்கி, நாப் எதுவும் அசையாம பின் பக்கமா கழட்டி பவர் சப்ளைய சரி பண்ணிட்டேன். போட்டோ எடுத்து வச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க, எடுத்தேன். கறுப்பு நாப், கறுப்பு பேனலு, கோடு கிடையாது. அந்த போட்டோவுல இருந்து ஒரு வெங்காயமும் தெரியல. சரி, மெஷினே அப்படியே இருக்குதே, போட்டா சத்தம் வரப் போவுது, ரெக்கார்டு பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். ஆயுத பூஜை கிட்ட வந்துடுச்சு, விஜயதசமி அன்னிக்கு சுவிட்ச் போடுய்யா, நல்ல நாளுன்னு அமுதாதான் சொன்னா. அமுதா என் சம்சாரம்.

ஆயுத பூஜை அன்னிக்கு ஊர்ல எல்லா மெஷினுக்கும் மாலை போட்டு உக்கார வச்சுடுவாங்க, ரீஃபருக்கு மட்டும் லீவு கிடையாது. அதனால காலையிலயே யார்டுக்கு போயிட்டேன். கிரேனுக்கு வாழைக்கன்னு கட்டி, லாரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு, பூசணிக்காய் ஒடச்சு, பொரி கடலை வாங்கிக்கினு மத்தியானம் கழிச்சு வூட்டுக்கு வந்தேன். மாடி ரூம்ல சாம்பிராணி வாசனை. உள்ள போனா, ஜெரோமோட மெஷின் பளபளன்னு கீது.

அமுதா ஈரத்துணி வச்சு அழகா துடைச்சிருந்தா. கடல் உப்பும் அனல்மின் நிலையத்து சாம்பலும் சேந்து அந்த நாப் மேல எப்பவும் ஒரு பிசுக்கு இருக்கும், ஒவ்வொரு நாப்பையும் திருப்பித் திருப்பி இடுக்கு எல்லாம் சுத்தமா துடைச்சிருந்தா. மரப்பலகைல விபூதிப் பட்டை. மல்லிச் சரம். ஒயர சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு ஓரமா வச்சிருந்தா, ஏன்னா பூஜைல வச்ச சாமான அன்னிக்கு எடுத்து புழங்கக் கூடாது. அப்பறம் ஒவ்வொரு நாப்புக்கும் நெத்தியில வைக்கற மாதிரி மேல் ஓரத்துல சந்தனம், சந்தனத்துக்கு நடுவுல குங்குமம். வரிசையா, கோடு போட்ட மாதிரி.

எனக்கு வந்த கோவத்துல இன்னா பேசினேன்னு எனக்கே தெரியல. பாவம், அவ மெரண்டு போயிட்டா. "நீ சுவிட்சு போடாதன்னுதானய்யா சொன்ன, தொடாதன்னு சொல்லலியே. ஜெரோம் அண்ணன் சாமானாச்சே, எல்லாத்துக்கும் பூஜை பண்ணிட்டு அத மட்டும் தூசியா விடறதான்னு துடைச்சேன்"னு அழுதுட்டா. அவ மேல தப்பு சொல்ல முடியாது. ஆயுத பூஜைக்கு மெஷின துடைக்காம விட்டாத்தான் நம்ம வூடுங்கள்ல தப்பு. இத நான் யாருகிட்ட போயி சொல்றது. ஸ்டெல்லா கிட்ட இன்னான்னு சொல்றது, உன் புருசன் வச்சிட்டுப் போனது போச்சும்மா, பூஜை பண்ணிட்டோம்னா?

அமுதா மூஞ்ச கழுவிக்கினு சுண்டலும் பொரியும் எடுத்துக்கினு பக்கத்து வூடுங்களுக்கு குடுக்க கீழ போயிட்டா. நான் அந்த ரூம்லயே கீழ உக்காந்துட்டேன். வெளிச்சம் இருந்துச்சு, இன்னும் வெளக்கு கூட வைக்கல, தெருவுல பசங்க வெடி போட்டுக்கினு இருந்தாங்க. நீங்க நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க, அப்பதான் கேட்டுச்சு.

மொதல்ல தரை வழியாத்தான் வந்துச்சு. நான் ஹார்பர்ல கப்பல் இன்ஜின்னு நெனச்சேன், காத்து அந்தப் பக்கம் இருந்தா சில சமயம் அப்படி வரும். அப்பறம் கீழ ஃபிரிட்ஜுன்னு நெனச்சேன். எழுந்து மொட்டை மாடிக்கு போயி பாத்தேன், வெளிய கேக்கல. உள்ள வந்தா கேக்குது. கனமா ஏறுது, நிக்குது, இறங்குது. மேல மணல் கொட்ற மாதிரி மெல்லிசா. ஸ்பீக்கர்ல கைய வச்சேன், அது சும்மா கெடக்கு, அதிரவே இல்ல. ஆம்ப்ளிஃபயர் ஆஃப்ல இருக்கு. மெஷினோட ஒயரு ரப்பர் பேண்டோட என் கால்கிட்ட கெடக்கு, அந்தப் பிளக்க கையில எடுத்துப் புடிச்சிக்கினேன், கையில பிளக்கு, காதுல சத்தம். அப்பறம் மரப்பலகைல கைய வச்சேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. பழைய மெஷினு ஒரு மணி நேரம் ஓடினா அந்தச் சூடு வரும், எனக்கு தெரியும், எத்தினி ஞாயித்துக்கெழமை அது மேல கைய வச்சிக்கினு உக்காந்திருப்பேன்.

நான் பயந்தனான்னு கேட்டா, இல்ல. அதான் எனக்கு இப்பவும் ஆச்சரியம். எங்க இருந்து வருது, எதனால வருதுன்னு தேடிக்கினே இருந்தேன், யார்டுல தேடற மாதிரி. பயப்பட நேரமே இல்ல.

மாடிப்படில அமுதா ஏறி வர்ற சத்தம். வரும்போதே திட்டிக்கினு வர்றா. "ஒரு நாளு பொறுக்க மாட்டியா நீ? பூஜைல வச்சத இன்னாத்துக்குய்யா போட்ட?" வாசல்ல வந்து நின்னா. நான் கையில இருந்த பிளக்க தூக்கிக் காட்டினேன். அவ அத பாத்தா, மெஷின பாத்தா, திரும்ப பிளக்க பாத்தா. கையில இருந்த தட்ட மெதுவா கீழ வச்சிட்டு வாசப்படியிலயே உக்காந்துட்டா. ரெண்டு பேரும் அதையே கேட்டுக்கினு இருந்தோம். எவ்ளோ நேரம்னு தெரியல. டக்குனு நிக்கவும் இல்ல. ஒரு கட்டத்துல பாத்தா தெருவுல வெடிச் சத்தம் மட்டுந்தான் கேக்குது, இது எப்ப நின்னுச்சுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. அமுதா எழுந்து ஒரு கற்பூரம் ஏத்தினா. அப்பறம் ரூம பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கினா.

எனக்கு மட்டும் கேட்டிருந்தா மனக்கஷ்டத்துல கேட்டுச்சுன்னு தள்ளி விட்டுருப்பேன். அவளும் கேட்டு, அதுவும் திட்டிக்கினே வந்தா பாருங்க, அத என்னால தள்ள முடியல.

மறுநாள் காலையில அமுதாதான் மொதல்ல உள்ள போனா. விஜயதசமிக்கு ஒரு கற்பூரம் காட்டி சாமான கொஞ்சம் நகத்தி வச்சுட்டுத்தான் திரும்ப எடுக்கணும். போனவ சத்தம் போடல, கீழ வந்து என் கைய புடிச்சு இழுத்துக்கினு போனா. நாப் எல்லாம் திரும்பி இருந்துச்சு. பொட்டு ஒண்ணு மேல பாக்குது, ஒண்ணு கீழ பாக்குது, ஒண்ணு சாய்ஞ்சு நிக்குது, ஒண்ணு ஓரத்துல. வரிசையா நெத்தி மாதிரி வச்சது அத்தனையும் கலைஞ்சு கெடக்கு, ஆனா ஒரு பொட்டு கூட அழியல, காஞ்ச சந்தனம் வெடிக்கக் கூட இல்ல. பக்கவாட்டுல புடிச்சு திருப்பினா பொட்டு அழியாதேன்னு நீங்க சொல்லலாம், வாஸ்தவந்தான், நானும் அதத்தான் மொதல்ல சொன்னேன். ஆனா யாரு திருப்பினது? வூட்ல நாங்க ரெண்டு பேருதான், சாவி அவ இடுப்புல. முந்தின நாள் எப்படி இருந்துச்சுன்னு மறந்துட்டியான்னு கேட்டா, அமுதா பூஜை முடிஞ்சதும் போட்டோ புடிச்சு வாட்ஸப் ஸ்டேட்டஸ் வச்சிருந்தா. அதுல எல்லா பொட்டும் நேரா நிக்குது. சொந்தக்காரங்க பாதி பேர் பாத்திருக்காங்க.

எனக்கு அப்ப ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு. பிளக்க சொருகு. சொருகினேன். அந்த மெஷின் சூடாகி சுதி நிக்க அரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் தொடக்கூடாது, ஜெரோம் தொட விட மாட்டான். அந்த அரை மணி நேரம் நானும் அமுதாவும் செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தோம். அப்பறம் ஒரே ஒரு கட்டைய அமுக்கினேன்.

அதே சத்தந்தான். ஜெரோமோட சத்தம். அமுதா வாயில முந்தானைய வச்சு அழுதா. நானும் அழுதேன், அத ஏன் மறைக்கணும். உடனே ரெக்கார்டரப் போட்டு ரொம்ப நேரம் ரெக்கார்டு பண்ணினேன், போன்லயும் ஏத்திக்கினேன், இன்னொரு எடத்துலயும் வச்சேன். ஏதோ கொஞ்சம் மாறியிருக்குதேன்னு மட்டும் காதுல பட்டுச்சு, ஆனா இன்னான்னு அப்ப பிடிபடல. கெடச்சதே பெருசு, அத நோண்டிக்கினு இருக்க மனசு வரல.

கல்லறைத் திருநாளுக்கு காசிமேடு கல்லறைல நிக்க எடம் இருக்காது. சுண்ணாம்பு அடிச்சு, சாமந்திப் பூ போட்டு, ஒவ்வொரு கல்லறைக்கும் மெழுகுவத்தி, காத்துல அணையும், மறுபடி கொளுத்துவாங்க. நாங்க நாலு மணி வாக்குல போனோம். ஸ்டெல்லா, ஜெரோம் கல்லறை தலைமாட்டுல உக்காந்திருந்துச்சு. சின்ன புளூடூத் ஸ்பீக்கர பூவுக்கு நடுவுல வச்சு போட்டு விட்டேன். சுத்தி ஜெபம், கொழந்தைங்க சத்தம், பூக்காரம்மா சத்தம், எல்லாத்துக்கும் அடியில இது ஏறி இறங்கிக்கினு இருக்கு. ஸ்டெல்லா கண்ண மூடிக்கினு ரொம்ப நேரம் கேட்டுச்சு. அப்பறம் கண்ண தொறந்து லேசா சிரிச்சுச்சு.

"சரி பண்ணிட்டாரு ண்ணா. இப்பதான் நான் தூங்கற மாதிரி கீது."

அப்பதான் எனக்கு பிடிபட்டுச்சு, மாறினது வேகம். மெதுவா இருக்கு. அந்த நாப்புல இல்லவே இல்லாத வேகம், கார்பன் தேஞ்சு போன எடத்துல இருக்கற வேகம். ஜெரோம் மாசக்கணக்கா தேடி கெடைக்காதது. ஸ்டெல்லா அது அவன் சாகறதுக்கு முன்னாடியே சரி பண்ணி வச்சதுன்னு நெனச்சிக்குச்சு. நான் ஆமாம்மான்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது? அமுதா என்ன பாத்தா, நான் அவள பாக்கல. ஸ்டெல்லாவ பாத்துக்கினு இருந்தேன். சத்தம் ஏறும்போது அதோட நெஞ்சு ஏறுது, இறங்கும்போது இறங்குது. அந்த மாதிரி சத்தத்த கேட்டா யாரா இருந்தாலும் அதோட சேந்துதான் மூச்சு விடுவாங்க, அதுல ஒண்ணும் அதிசயம் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். அது உண்மையும் கூட.

இதோட முடிஞ்சிருந்தா நான் இத யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். நண்பன் ஒருத்தன் பாதியில விட்ட வேலைய முடிச்சிட்டுப் போனான்னு மனச தேத்திக்கினு இருந்திருப்பேன்.

அதுக்கப்பறம் மெஷின நாங்க தொடல. பிளக்க கழட்டி வச்சாச்சு, அமுதா அந்தப் பக்கம் துணியே எடுத்துக்கினு போறதில்ல. மழை சீசன்ல ஒரு நாள் காலையில ஓட்டுல ஒழுகுதான்னு பாக்க மேல போனேன். எல்லா பொட்டும் வச்ச எடத்துல இருந்துச்சு. அந்த வேக நாப்போட பொட்டு மட்டும் வலது பக்கம் தள்ளி இருந்துச்சு. நல்லா தெரியற அளவுக்கு. அமுதாவ கேட்டேன், சாமி மேல சத்தியம் பண்ணினா. எலி ஓடியிருக்கும்னு சொல்லிக்கினேன். சொல்லிக்கினே எதுக்குன்னு தெரியாம ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். எடுத்தது அதோட அக்கா. முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து வீஸிங் ஏறிப் போயி ஆஸ்பத்திரில சேத்திருக்காங்களாம், மாஸ்க்கு வச்சிருக்காங்களாம், மூச்சு நாய்க்கு இரைக்கற மாதிரி இரைக்குதுன்னு அந்தம்மா அழுவுது.

ஓடிப் போயி பாத்தோம். ஒரு வாரத்துல தேறிடுச்சு. ஸ்டெல்லா வூட்டுக்கு வந்த அன்னிக்கு நான் மேல போயி பாத்தேன். பொட்டு பழைய எடத்துக்கே வந்திருந்துச்சு.

நீங்க இன்னா சொல்லப் போறீங்கன்னு தெரியும். ஈரக்காத்துக்கு நாப் இளகும், திரும்பும். பழைய மெஷினு. நானே யார்டுல நின்னு இதே பேச்சத்தான் பேசுவேன். திறந்து பாரேன்னு கூட சொல்லுவீங்க, அந்த கார்பன் இப்ப இன்னா நெலமையில இருக்குன்னு. ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கினு ரெண்டு வாட்டி மேல போனேன். ரெண்டு வாட்டியும் கீழ வந்துட்டேன். திறக்கணும்னா நாப்ப கழட்டணும்.

இப்ப தெனமும் வேலைக்கு கெளம்பறதுக்கு முன்னாடி மேல போயி அந்த ஒரு பொட்ட பாத்துட்டுத்தான் செருப்பு மாட்றேன். வலது பக்கம் லேசா சாஞ்சிருந்தா போன் போட்டு "சும்மாத்தாம்மா, நல்லாருக்கியா"ன்னு கேப்பேன், சளி புடிச்சிருக்குண்ணான்னு சொல்லும். எங்க பாசம்னு நெனச்சிக்குது. நான் அது கிட்ட இத சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன். வலது பக்கம் போறது கூட எனக்கு பழகிடுச்சு. இடது பக்கத்துக்குத்தான் பயம். இடது கடைசிக்கு போனா நின்னுடும்னு ஜெரோம் சொன்னது காதுலயே இருக்கு.

சந்தனம் இப்ப ரொம்ப காஞ்சு போச்சு, ஓரம் உதிர ஆரம்பிச்சிடுச்சு, குங்குமம் வெளுத்துப் போச்சு. நாப் மேல மறுபடி அந்தப் பிசுக்கு ஏறியிருக்கு. அடுத்த வாரம் இந்த வருசத்து ஆயுத பூஜை. இன்னிக்கு காலையில அமுதா சந்தனக் கிண்ணத்த கையில வச்சிக்கினு மாடிப்படி கீழ நின்னா. "இன்னாய்யா பண்றது? துடைக்காம விட்டா பொட்டு உதிர்ந்துடும், அப்பறம் அது எங்க நிக்குதுன்னே தெரியாது. துடைச்சா நாப் திரும்பிடும்"னா.

நான் செருப்ப மாட்டிக்கினு வந்துட்டேன்.